மாமூல் என்பது வெறும் சொல்லன்று

சிவாஜிநகரில் தமிழும் கன்னடமும் தக்கனி உருதுவும் ஒரே தெருவில் புழங்குகின்றன. மூன்றுக்கும் பொதுவான சொற்களுள் ஒன்று 'மாமூல்'. அரபு மூலத்திலிருந்து வந்த இச்சொல்லின் பழைய பொருள் 'வழக்கமானது' என்பதே. ஒரு குற்றம் வழக்கம் என்று பெயர் பெற்றுவிட்டால், அதைக் கண்டு எவரும் வியப்பதில்லை, முறையிடுவதுமில்லை. இப்பெயரை உடைத்து, மறைந்துபோனதை மீண்டும் பேசுபொருளாக்குவதே ஊழலுக்கு எதிரான குடிமக்கள் முயற்சிகளின் முதற்பணி எனக் கருதுகிறேன்.

1994ஆம் ஆண்டில் இப்பணி இந்தியாவில் இரு வேறு வழிகளில் நடந்தது.

ஒன்று, பெங்களூரில். பொருளியலாளர் சாமுவேல் பாலும் அவருடன் இணைந்த குடிமக்கள் சிலரும் முந்தைய ஆண்டில் நகர மக்களிடம் ஆய்வு நடத்தி, அரசு நிறுவனங்களுக்கு மதிப்பெண் அட்டை வழங்கினர். பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் சேவையில் நிறைவடைந்தோர் 1 விழுக்காடு மட்டுமே. புலம்பலாக இருந்தது புள்ளிவிவரமாயிற்று, நாளேடுகள் வெளியிட்டன, அதிகாரிகள் மறுமொழி சொல்ல வேண்டியதாயிற்று. 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் ஆய்வு மீண்டும் நடந்தபோது, பின்னதில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது.

மற்றொன்று, இராஜஸ்தானில். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் அதே ஆண்டு டிசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மக்கள் விசாரணை மன்றத்தைக் கூட்டினர். அரசுப் பணிகளின் கணக்குகள் ஊரார் முன் உரக்க வாசிக்கப்பட்டன. கணக்கில் இருந்தது களத்தில் இல்லை என்பதை மக்களே எழுந்து சொன்னார்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்டவற்றுள் அக்கூட்டங்கள் முதன்மையானவை.

பெங்களூரு முதல் வழியிலேயே தொடர்ந்து நடந்தது. ஜனாக்ரஹா அமைப்பு 2010இல் 'ஐ பெய்ட் எ பிரைப்' இணையதளத்தைத் தொடங்கியது. 2012இல் நடைமுறைக்கு வந்த 'சகால' திட்டம் சேவைகளுக்குக் காலவரம்பு விதித்தது. தாமதமானால் விண்ணப்பதாரருக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு. இவை பயனுள்ளவை. ஆனால் இவற்றைப் பயன்படுத்துவதற்கு எழுத்தும் இணையமும் வேண்டும்.

இங்குதான் சிவாஜிநகரின் சிக்கல் தொடங்குகிறது. கன்னடம் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத தமிழர்கள் இங்கு ஏராளம். கன்னடத்தையே தாய்மொழியாகக் கொண்டும் பள்ளி வாய்ப்பு இழந்தோரும் உண்டு. அலுவலக வாசலில் இடைத்தரகர் விற்பது செல்வாக்கை மட்டுமன்று, எழுத்தையும்தான். எழுத்துக்கூலியோடு சேர்ந்தே மாமூலும் வாங்கப்படுகிறது.

'கன்னடம் கற்றால் தீராதா?' என்று கேட்கலாம். கற்கத்தான் வேண்டும், ஆட்சிமொழி கன்னடமாக இருப்பதே முறை. ஆனால் கற்கும்வரை உரிமை காத்திருக்க இயலாது. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1)ஆம் பிரிவின்படி, எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் வடிக்கப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும். பேச்சை உரிமையின் வடிவமாக ஏற்ற இப்பிரிவை நம் மொழியியல் வகுப்பறைகள்கூடக் கவனித்ததில்லை.

ஆகவே என் கோரிக்கை எளியது. வார்டு பணிகளின் கணக்குகளைப் பெற்று, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பொது இடத்தில் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் வாசிப்போம். மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடவாத நகரில் இதன் தேவை இன்னும் கூடுதல். மொழிபெயர்க்க மாணவர்கள் இருக்கிறார்கள். வாசிக்க ஒரு ஒலிபெருக்கி போதும்.

சீரமைத்ததாகக் கணக்கெழுதப்பட்ட சாக்கடை தம் தெருவில் அடைபட்டே கிடக்கிறது என்று சொல்ல எவருக்கும் எழுத்தறிவு தேவையில்லை. அக்கணக்கு அவர் காதில் விழுந்தால் போதும்.