ஜப்பானியக் கோயில்களில் அசல் எது?

கியோத்தோவின் பொற்கோயிலான கின்காகுஜியின் குளக்கரையில் நாங்கள் நின்றிருந்தபோது, உடன் வந்த நண்பர் கைபேசியில் எதையோ படித்துவிட்டு முகம் வாடினார். "இது அசல் இல்லையாம், 1955இல் கட்டியதாம்" என்றார். அதன்பின் அவர் அங்கே ஒரு படமும் எடுக்கவில்லை. அந்த ஏமாற்றம் நியாயமானதா என்னும் வினா பயணம் முழுவதும் எங்களைத் தொடர்ந்தது. நியாயமில்லை என்பதே எமது கருத்து. ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

நண்பர் படித்த செய்தி உண்மைதான். 1950 ஜூலை 2 அன்று இளந்துறவி ஒருவர் வைத்த தீயில் அம்மண்டபம் சாம்பலாயிற்று. யுகியோ மிஷிமா 1956இல் வெளியிட்ட 'கின்காகுஜி' நாவலுக்கு அந்நிகழ்வே கரு. மீண்டெழுந்த மண்டபத்தைக் கொண்ட அக்கோயில், 1994இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த கியோத்தோ நினைவுச் சின்னங்கள் 17இல் ஒன்று.

இசே நகரின் ஷிண்டோ ஆலயமோ அப்பட்டியலிலேயே இல்லை. கி.பி. 690இல் தொடங்கிய மரபின்படி, 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே வடிவில் புதிய ஆலயம் எழுப்பப்படுகிறது. பின் பழையது பிரிக்கப்படுகிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டும் வழக்கம் அழியவில்லை. 2013இல் நடந்தது 62ஆவது புதுப்பிப்பு. இளமையில் எடுபிடியாக வேலை செய்த தச்சர், அடுத்த முறை பொறுப்பேற்று நடத்துகிறார். அதற்கடுத்த முறை கற்பிக்கிறார். அங்கே மரத்துக்கு வயது இருபது, தொழிலுக்கு வயது ஆயிரத்து முந்நூறு.

இலக்கிய வாசகருக்கு இது விந்தையாகத் தோன்றக் கூடாது. முராசாகி ஷிகிபு தம் கையால் எழுதிய 'கெஞ்சி கதை'யின் ஏடு இன்று இல்லை. ஃபுஜிவாரா நோ தெய்க்கா போன்றோர் படியெடுத்ததனாலேயே அது பிழைத்தது. அதனைப் படிக்கும் எவரும் "இது அசல் இல்லை" என்று நூலை மூடி வைப்பதில்லை. கட்டடத்திடம் மட்டும் ஏன் வேறு நீதி கேட்கிறோம்?

கேட்பதற்குக் காரணம், கல்லால் கட்டிய நாடுகளின் அளவுகோல் நெடுங்காலம் உலக அளவுகோலாக இருந்ததே. 1964இன் வெனிஸ் சாசனம் மூலப்பொருளை மதிப்பதை வலியுறுத்தியது. 1994இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய அறிஞர்கள் வெளியிட்ட ஆவணம், ஒரு சின்னத்தின் உண்மைத்தன்மையை அதன் பண்பாட்டுச் சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும் என்றது. பொருளோடு பயன்பாடு, மரபு, தொழில்நுட்பம் ஆகியனவும் சான்றுகளாயின.

அப்படியானால், எது அழிந்தாலும் மறுபடி கட்டிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு ஹோர்யூஜி விடை சொல்கிறது. உலகில் எஞ்சியுள்ள மரக் கட்டடங்களில் மிகப் பழையவை இக்கோயிலில் உள்ளன. 1949 ஜனவரி 26 அன்று, சுவரோவியங்களைப் படியெடுக்கும் பணி நடந்துகொண்டிருந்த பொன்மண்டபத்தில் தீப்பற்றியது. மண்டபத்தைச் செப்பனிட முடிந்தது. கருகிய ஓவியங்களை எந்தக் கையாலும் மீட்க முடியவில்லை. மறுநாள் அதே இடத்தில் வேறு ஓவியம் வரையலாம். ஆனால் அந்தத் தூரிகை திரும்பாது. அடுத்த ஆண்டே பண்பாட்டுச் சொத்துகள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

ஆகவே நாம் வேண்டும் நிபந்தனை இது: மறுபடி கட்டும் உரிமை, முதலில் பழையதைக் காப்பவருக்கே உண்டு, கட்டும் கலையும் அறுபடாமல் வந்திருக்க வேண்டும். 1609இல் முடிந்த ஹிமேஜி கோட்டையின் பெருமாடத்தை 1956 முதல் 1964 வரை பிரித்துக் கோத்தபோது, நலிந்த மேற்குப் பெருந்தூணை மாற்றினார்கள். உறுதியான பழைய மரங்களை மீண்டும் அதனதன் இடத்தில் பொருத்தினார்கள். 1931இல் கான்கிரீட்டால் எழுந்த ஒசாகா கோட்டை மாடத்தையும் கண்டோம். வடிவம் கம்பீரமானதே, ஆனால் உள்ளே தச்சர் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எமக்கு மனம் ஒப்பவில்லை.

நாராவின் யாகுஷிஜியில், 1528இல் போரில் எரிந்த மேற்குக் கோபுரத்தை 1981இல் எழுப்பியவர் கோயில் தச்சர் நிஷியோக்கா சுனேகாசு. எட்டாம் நூற்றாண்டின் கிழக்குக் கோபுரத்தைவிட அது சற்றே உயரம். மரம் காலப்போக்கில் சுருங்கித் தாழும் என்று கணித்தே அவ்வாறு கட்டினார். தாம் காணப்போகாத ஒரு காலத்தில் இரண்டும் சமமாகும் என்பது அவர் கணக்கு.

ஜப்பான் செல்லும் அன்பர்கள், கட்டிய ஆண்டைக் கேட்டபின் இன்னொன்றையும் கேட்க வேண்டுகிறோம்: இதை மறுபடி கட்டத் தெரிந்தவர் இன்று உளரா? 2020இல் மரக் கட்டடக் கலைத் திறன்களையே யுனெஸ்கோ மரபுரிமையாக ஏற்றிருக்கிறது. ஆம் என்று விடை கிடைக்குமிடத்தில் தயங்காமல் படமெடுங்கள்.