டிஜிகேம் ஏக்கமும் திறக்காத சீடியும்

மக்களே, ஆபீஸ்ல ஆணி அதிகம். ரெண்டு மாசமா கடையைத் திறக்கலை. இன்னிக்கும் திறந்திருக்க மாட்டேன், எரிச்சல்ல வந்திருக்கேன். 'யார் மனசையும் புண்படுத்தும் நோக்கமில்லை'ன்னு வழக்கமா ஒரு வரி போடுவாங்க. எனக்குக் கொஞ்சூண்டு இருக்கு.

போன வாரம் கோவில்பட்டியிலருந்து அக்கா மக போன் பண்ணா. பதினாறு வயசு. "மாமா, பழைய டிஜிட்டல் கேமரா ஒண்ணு வாங்கித் தாங்க. அம்மா கல்யாண போட்டோ மாதிரியே வரணும். மூலையில ஆரஞ்சு கலர்ல தேதி விழணும்." தாய்மாமன்கிட்ட சீர் கேக்குற உரிமை அவளுக்கு உண்டு, அதை விடுங்க. நெட்ல தேடினா, பரண்ல எலி ஓடிக்கிட்டிருந்த 5 மெகாபிக்சல் டப்பாவுக்கு இப்ப ஆயிரக்கணக்குல விலை சொல்றான். கேட்டா 'அந்தக் காலத்து லுக்கு'.

அந்த லுக்கு எப்படி வந்துச்சுன்னு பொட்டி தட்டுறவன்ங்கிற முறையில சொல்றேன். சென்சார் சின்னது, வெளிச்சம் பத்தாது. லென்சுக்குப் பக்கத்துலயே ஃப்ளாஷ். அதனால மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச சுவர், முதுகுக்குப் பின்னாடி கும்மிருட்டு, கண்ணு செக்கச்செவேல். செல்போன்ல விஜிஏ கேமரான்னா 640க்கு 480, மொத்தமே சுமார் 3 லட்சம் புள்ளி. தேதி? அதை எப்படி அணைக்கிறதுன்னு யாருக்கும் தெரியாது. இது ஸ்டைலே கிடையாது, இல்லாமை. அந்த இல்லாமைக்குள்ளயும் எப்படியாவது நல்லா விழணும்னு எங்காளுங்க மெனக்கெட்டாங்க பாருங்க, ஃபேஷன்னா அதைச் சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன்.

எங்க ஊருக்குப் படம் ஒண்ணும் புதுசில்லை. சாமி காலண்டர் ஓவியங்களுக்குப் பேர் போன கொண்டையராஜு (1898-1976) வாழ்ந்த ஊரு. அவரும் சிஷ்யப்பிள்ளைகளும் வரைஞ்ச முருகனும் லட்சுமியும் சிவகாசியில அச்சாகி ஊர் ஊராப் போனாங்க. கரிசக்காட்டுல மழை பொய்ச்சா தீப்பெட்டி ஆபீஸ்தான் கஞ்சி ஊத்தும். அங்க வேலை பார்த்த பொம்பளைங்க ஸ்டுடியோவுக்குப் போற அன்னிக்கு, பக்கத்து வீட்டுச் செயினைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டுப் போவாங்க. பையன்களுக்கு ஸ்டுடியோக்காரரே கூலிங் கிளாஸ் குடுப்பாரு. காதுல செல்போன், உள்ள சிம் இருக்காது. அப்படியே வெட்டி காதுகுத்து ஃப்ளெக்ஸ்ல ஒட்டி, பின்னாடி ஸ்விட்சர்லாந்து மலையை நிறுத்திருவாரு. நாலு மாசத்துக்கு ஒரு மழை பாக்குற ஊர்ல பனிமலை!

அக்கா கல்யாணம் 2008ல. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதினவர். 2011ல போயிட்டார். வீட்ல மாலை போட்டிருக்கிற படம், பாஸ்போர்ட் சைஸைப் பெருசாக்கினது. முறைச்சிக்கிட்டு இருப்பார். நிஜத்துல அப்படி ஆளே கிடையாது. கல்யாணப் பந்தியில யாரோ எதோ சொல்ல, வாயைத் திறந்து சிரிச்சபடி ஒரு படம் உண்டு. ஆல்பத்துல அது கிடையாது, மாலையும் மேடையுமா பொறுக்கி அடுக்கினதுல விட்டுட்டாங்க. சீடியில மட்டும் இருந்துச்சு.

அக்கா மக கேட்டதும் அந்த சீடியைத் தேடி எடுத்தேன். இப்ப லேப்டாப்புல சீடி டிரைவே கிடையாதே, ஒரு நண்பன்கிட்ட இரவல் வாங்கினேன். 412 படம். 163 திறந்துச்சு. அதுக்கப்புறம் டிரைவ் கரகரன்னு சுத்திச்சு, அவ்வளவுதான். எழுதுற சீடியில தகவல் நிக்கிறது ஒரு சாயப் படலத்துல. சாயம் வெளுத்தா போச்சு. மேல பேனாவால எழுதின 'மேரேஜ் - 2' மட்டும் பளிச்சுன்னு இருக்கு. ஸ்டுடியோக்காரர் ஹார்ட் டிஸ்க்கை என்னிக்கோ அழிச்சிட்டார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். மூணு வருஷம் வச்சிருந்தாராம், ஒருத்தரும் கேக்கலை. நானும்தான் கேக்கலை.

இப்ப நம்ம கதைக்கு வாரேன். 2004ல தமிழ்மணம் வந்த காலம், இ-கலப்பை, நாப்பது பின்னூட்டக் கும்மி, 'அது ஒரு பொற்காலம்'னு வருஷத்துக்கு ஒரு ஏக்கப் பதிவு போடுற சீனியர்களே, கோவிச்சுக்கிடாதீங்க. பள்ளிக்கூடம் படிக்கையில பிரவுசிங் சென்டர்ல உங்களைப் படிச்சு வளர்ந்தவன்தான் நான். 2007ல ஆரம்பிச்ச 'தமிழில் புகைப்படக்கலை' குழு மாசாமாசம் தலைப்பு குடுத்துப் போட்டி வைக்கும், ஞாபகம் இருக்கா? அந்த மாதிரிப் பழைய பதிவுகளைத் திறந்தா எழுத்து இருக்கு, படம் இருந்த இடத்துல பல இடங்கள்ல ஓட்டைதான் இருக்கு. ஃபோட்டோபக்கெட் 2017ல, வெளித் தளங்கள்ல படம் தெரியணும்னா வருஷத்துக்குச் சுமார் 400 டாலர்னு சொன்னப்ப உலகம் பூரா வலைப்பூக்கள்ல படம் அவிஞ்சு போச்சு.

உடனே கம்பெனிக்காரனைத் திட்டுவோம். சரி, திட்டுவோம். 2009ல ஜியோசிட்டீஸ் போச்சு, 2020ல யாகூ குரூப்ஸ் போச்சு. ஆனா ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30ல மூடப்போறோம்னு மூணு மாசம் முன்னாடியே சொன்னான். ஆல்பத்தை எடுத்துக்கிடுங்கன்னு 2016 செப்டம்பர் வரைக்கும் அவகாசம் குடுத்தான். எத்தனை பேர் எடுத்தோம்? 'ஆர்குட்டே போய் வா'ன்னு பதிவு போட்டவங்கள்ல எத்தனை பேர்? ரெண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்கை, போட்டோவோட சேர்த்து நீக்கலாம்னு 2023 மே மாசம் கூகுள் அறிவிச்சான். இறந்துபோன நண்பர்களோட கணக்கை யார் போய் எட்டிப் பார்க்கிறது?

'பழசை நினைச்சா சந்தோஷம், உனக்கென்னய்யா வலிக்குது?'ன்னு கேக்கலாம். நினைக்கிறதுக்குப் பொருள் இருக்கணும்ல. தமிழ் ஸ்டுடியோக்களோட பழைய படங்களைத் தேடி எடுத்து டிஜிட்டலாக்க புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரங்க வந்தாங்க, பிரிட்டிஷ் லைப்ரரி பணம் குடுத்துச்சு. அதுல நூறு வருஷப் படம்லாம் பிழைச்சுக்கிடுச்சு. பதினெட்டு வருஷ ஜேபெக்குக்கு யாரு வருவா? நடுவுல மாட்டினது நம்ம படம்தான். அதை விட்டுட்டு அதே மாதிரி ஃபில்டரும் டப்பாவும் காசு குடுத்து வாங்குறோம். பாட்டி சேலையைப் பழைய துணிக்காரன்கிட்டப் போட்டுட்டு, 'பாட்டி டிசைன்'னு கடையில சேலை எடுக்கிற கதை.

பேக்கப் எடுக்கப் போறவங்களுக்கு ஒண்ணு: அந்த ஃபைல்ல எழுத்து வரும். வேற தளத்துல ஏத்தின படம் வராது, லிங்க் மட்டும்தான் வரும். படத்தைத் தனியா இறக்குங்க.

அக்கா மகளுக்கு கேமரா வாங்கிட்டேன். கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க்கும்.

டிஸ்கி: மீதி 249 படத்துக்கு டிடிரெஸ்க்யூ ஓட்டிப் பார்த்துட்டேன், பதினோரு படம் கூட வந்துச்சு. அதுல அப்பா இல்லை. வேற டிரைவ்ல, குறைஞ்ச வேகத்துல போட்டு மீட்டவங்க யாராவது இருந்தா, எந்த மாடல் டிரைவ்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.