பத்மினி எதைத் துறந்தார்?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வத்தல்மலையில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி. மலை இறங்கி, விடுதியில் தங்கி நர்சிங் முடித்தவள். அவளுக்கு அமெரிக்க மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. நம் குரூப்பில் வாழ்த்து சொன்ன கையோடு ஒருவர் ஃபார்வேர்டு போட்டார்: நாட்டியப் பேரொளி பத்மினியே புகழின் உச்சியில் எல்லாவற்றையும் துறந்து புருஷனோடு அமெரிக்கா போனாராம், நர்ஸ் வேலையை விட இந்தப் பெண் யோசிக்கலாமா என்று. வரிசையாகக் கைகூப்பினீர்கள். அதில் என் தம்பியும் உண்டு.

யாரப்பா துறந்தது? பத்மினிக்கும் டாக்டர் ராமச்சந்திரனுக்கும் கல்யாணம் 1961-ல். நீங்கள் இன்றும் டிவியில் போட்டால் எழுந்திருக்காமல் பார்க்கிற ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-ல் வந்தது. ‘வியட்நாம் வீடு’ 1970. இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு! அமெரிக்காவில் குடியேறியும் சும்மா இருக்கவில்லை. 1977-ல் நியூ ஜெர்சியில் நாட்டியப் பள்ளி தொடங்கினார். அங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அவரிடம் பரதம் கற்றார்கள். 1984-ல் ஃபாசில் கூப்பிட்டு மலையாளத்தில் நடித்தார், அடுத்த வருடமே அதைத் தமிழில் ‘பூவே பூச்சூடவா’ என்று எடுத்தபோதும் அவர்தான் பாட்டி. கதாநாயகியாகப் பார்த்த முகம் நரைத்த தலையோடு வந்தபோது தியேட்டரில் நான் அழுதேன், அது வேறு விஷயம்.

வெளிநாடும் அவருக்குப் புதிதல்ல. 1957-லேயே சோவியத் நாட்டோடு சேர்ந்து எடுத்த ‘பர்தேசி’யில் ருஷ்ய நடிகரோடு நடித்தவர். திருவனந்தபுரத்துப் பெண், தமிழ், மலையாளம், இந்தி, தெலுங்கு என்று எங்கே போனாலும் தொழிலைக் கூடவே கொண்டுபோனார். அதைத் ‘துறவு’ என்று எழுதியவர் படம் பார்த்தவராகத் தெரியவில்லை.

பத்மினிக்குப் பேர் இருந்தது, வசதி இருந்தது, மலைப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், அவளிடம் இருப்பது அந்தச் சான்றிதழ் ஒன்றுதான். மாப்பிள்ளை ஹெச்-1பி என்றால் இவள் ஹெச்-4 விசாவில் போவாள். அதில் போனவுடன் வேலை பார்க்க முடியாது. கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால்தான், அதுவும் 2015-லிருந்துதான், வேலை அனுமதி கேட்கலாம். அது வரும்வரை வருடக்கணக்கில் வீட்டில் இருக்க நேரலாம். அதற்குள் படிப்பு மறந்துவிடும். அங்கே நர்ஸாக என்க்ளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும். அதை இந்தியாவிலேயே எழுதலாம். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்து அவள் அம்மா படிக்கவைத்தது அலமாரியில் பூட்டிவைக்கவா?

பெண்ணின் சித்தப்பாவும் இந்தக் குரூப்பில் இருக்கிறார். தம்பி, நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள். அவருடைய கிரீன் கார்டு மனு எந்த நிலையில் இருக்கிறது? இவள் தேர்வுக்குப் படிக்கச் சம்மதமா? பதிலை எனக்குப் போனில் சொல்லுங்கள். தேர்வுக்குப் பணம் குறைந்தால் என் பென்ஷனிலிருந்து தருகிறேன்.