ஓமந்தூராரைச் சாதி பேனருக்குள் அடைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வாத்தியார் புத்தி, சுருக்கமாகச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 1 அன்று சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். வழியில் ஒரு பிளக்ஸ். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிறந்த நாள் வாழ்த்து. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். மேலே 'எங்கள் குல மகான்' என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு சாதிச் சங்கத்தின் பெயரும் வரிசையாகப் பையன்களின் படங்களும். அதில் இரண்டு பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள்.

மகான் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. 'எங்கள் குல' என்கிறார்களே, அதில்தான் சண்டை.

திண்டிவனம் பக்கம் ஓமந்தூரில் 1895ல் பிறந்த விவசாயக் குடும்பத்துக்காரர். திருவண்ணாமலை ரமண மகரிஷியின் பக்தர். வள்ளலார் வழியில் நின்றவர். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள். சுதந்திரம் வந்த அன்று நாற்காலியில் இருந்தவர் அவர்தான். இதெல்லாம் பிளக்ஸ்காரர்களுக்கும் தெரியும். அந்தப் பக்தியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் யாரும் போடுவதில்லை.

1939ல் ராஜாஜி ஆட்சி கொண்டுவந்த சட்டப்படி, கோயில் நிர்வாகிகள் சம்மதித்தால் தாழ்த்தப்பட்டவர்களை உள்ளே விடலாம். ஓமந்தூரார் ஆட்சியின் 1947 சட்டம் அதை உரிமையாக்கியது. எந்தச் சாதி இந்துவும் எந்தக் கோயிலுக்குள்ளும் போகலாம், யாரும் மறிக்கக் கூடாது. எங்கள் ஊர் ரங்கநாதர் மலைப்படிகளில் இன்று யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றால், அதற்குப் பின்னால் அந்தச் சட்டம் இருக்கிறது. அதே ஆண்டுதான் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டமும் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் எத்தனையோ ஆண்டுகளாகப் போராடிய விஷயம் அது. அடுத்த ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வகுப்புவாரி அரசாணையை 1947ல் திருத்தி, 14 இடங்களில் 2 இடத்தைப் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கென்று தனியாக ஒதுக்கினார்கள். ஆதிதிராவிடர்களுக்கு 2 இடம். இதற்காகத்தான் நெற்றியில் நீறு பூசிய இந்த மனிதரை 'தாடியில்லாத ராமசாமி நாயக்கர்' என்று கேலி பேசினார்கள். குல மகானாக இருந்திருந்தால் இந்தக் கேலி எதற்கு வரப்போகிறது?

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 1948ல் பள்ளிகளில் இந்தியைத் திணித்ததும், கருஞ்சட்டைப் படையைத் தடை செய்ததும் அவர் ஆட்சிதான். தமிழ் சொல்லிக் கொடுத்துச் சோறு தின்றவன் நான், அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. ராஜா தேசிங்கு போருக்குப் புறப்படும் முன் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டான். சாமி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவன் கேட்கவில்லை. 1714ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி மாண்டான். இன்றைக்கும் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் இதே சாமி முன்னால் வேட்புமனுவை வைத்து எடுத்துப் போகிறார்கள், கூடவே கேமராக்காரரும் வருகிறார். சாமி முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

ஓமந்தூராருக்குக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1949 ஏப்ரலில் பதவி போயிற்று. அவர் தனிக்கட்சி கட்டவில்லை. வடலூருக்குப் போனார். 1867ல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு அணையாமல் எரிகிற ஊர். அங்கே சுத்த சன்மார்க்க நிலையம் அமைத்து, ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கிடைக்க வழி செய்தார். 1970 ஆகஸ்டில் இறக்கும்வரை அவருக்கு அதுதான் வேலை.

இப்போது சொல்லுங்கள். சாதியும் சமயமும் பொய் என்று பாடியவர் வள்ளலார். அந்த வள்ளலாரின் வாசலில் கடைசிக் காலத்தைக் கழித்தவரைச் சாதிச் சங்கத்தின் பேனரில் மாட்டுவது மரியாதையா? 'அவரே ரெட்டியார் என்று போட்டுக்கொண்டாரே' என்று ஒரு தம்பி பின்னூட்டம் போடுவார், தெரியும். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் பேரோடு அது ஒட்டி வந்தது. அதற்காக அவர் சட்டங்களில் யாருக்குக் கதவு திறந்தார் என்பதை விட்டுவிட்டு, வாலை மட்டும் பிடித்துக்கொள்வதா?

பிளக்ஸில் இருந்த இரண்டு பேரில் ஒருவனுக்குப் போன் செய்தேன். "சார், சங்கத்துல கேட்டாங்க, போட்டோ குடுத்தேன். அவரு யாருன்னே சரியாத் தெரியாது சார்" என்றான். பொய் சொல்லாமல் ஒத்துக்கொண்டான், அதுவரை சந்தோஷம். இந்த வருஷம் தைப்பூசமும் ஓமந்தூரார் பிறந்த நாளும் ஒரே நாளில் வந்தன. வடலூரில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டிய அந்த நாளில் இவன் இங்கே பிளக்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அடுத்த தைப்பூசத்துக்கு விழுப்புரம், பண்ருட்டி வழியாக அவனை வடலூருக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பஸ் செலவு என்னுடையது. பிளக்ஸில் இருக்கும் மற்ற தம்பிகளும் வருவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள்.