பதினேழு வயதுக்காரர்களின் கூடம்

கிரீன் டே குழுவின் பதினான்காவது ஸ்டுடியோ ஆல்பம் ‘சேவியர்ஸ்’ 2024 ஜனவரி 19 அன்று வந்தது. 15 பாடல்கள். ‘டூக்கி’ (1994), ‘அமெரிக்கன் இடியட்’ (2004) இரண்டுக்கும் தயாரிப்பாளராக இருந்த ராப் கவல்லோதான் இதற்கும். போதைப் பழக்கத்தோடு மல்லுக்கட்டுவதைப் பாடும் ‘டைலமா’ ஒன்றுக்காகவே வாங்கலாம்.

எரிச்சலூட்டுபவை விமர்சனங்கள்தான். ஐம்பதைத் தாண்டிய மூவர், பெரிய இசை நிறுவனம், மைதானம் மைதானமாகக் கச்சேரி; இது இன்னும் பங்க்தானா என்ற பழைய கேள்வியை ஆளாளுக்குக் கேட்கிறார்கள். இதற்கு 1993இலேயே தீர்ப்புச் சொன்ன கூடம் ஒன்று உண்டு. அதை அரை வரியில் கடந்துவிடுகிறார்கள்.

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், கில்மன் தெரு 924ஆம் எண் கட்டடம் அது. ‘மேக்சிமம் ராக்கன்ரோல்’ இதழை நடத்திய டிம் யோஹானனும் நண்பர்களும் ஒரு கிடங்கைச் சீர்செய்து, 1986 டிசம்பர் 31 அன்று முதல் கச்சேரியை நடத்தினார்கள். மது கூடாது, போதைப்பொருள் கூடாது, அடிதடி கூடாது, இனவெறியோ பெண்வெறுப்போ கூடாது என்று விதிகளைச் சுவரிலேயே எழுதிவைத்தார்கள். நுழைவுச் சீட்டு கொடுப்பதும், ஒலிக்கருவிகளைக் கவனிப்பதும், முடிந்ததும் தரையைக் கூட்டுவதும் தன்னார்வலர்களே.

மேடை இசை பாரை நம்பிப் பிழைக்கிறது என்பது என் நெடுநாள் புகார். அமெரிக்காவில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மது விற்கக் கூடாது. குடிக்காதவரால் வரும்படி இல்லை என்பதால், பல கிளப்புகளில் அவர்களுக்கு வாசலோடு சரி. கிட்டாரை இரவு பகலாகப் பயிலும் வயதில் கேட்கவும் இடமில்லை, வாசிக்கவும் இடமில்லை. கில்மனில் மது இல்லாததால் வயது வரம்பும் இல்லை. 1989 மே மாதம் ஆபரேஷன் ஐவி குழு தன் கடைசிக் கச்சேரியை அங்கே நடத்திய இரவில், அதுவரை ‘ஸ்வீட் சில்ட்ரன்’ என்று அறியப்பட்ட ஒரு குழு புதுப்பெயரோடு மேடையேறியது. அதுதான் கிரீன் டே. அதில் இருந்த பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்குக்கும் மைக் டிர்ன்ட்டுக்கும் அப்போது வயது 17. பாரை நம்பிய ஊராக இருந்திருந்தால் அவர்கள் தெருவில்தான் நின்றிருப்பார்கள்.

பெரிய நிறுவனங்களில் சேர்ந்த குழுக்களுக்குக் கில்மனில் மேடை கிடையாது என்பது அன்றைய இன்னொரு விதி. 1993இல் ரிப்ரைஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதும் கிரீன் டேக்கும் அதே கதிதான். அந்த வலி 1995இல் ‘86’ என்ற பாடலாக வந்தது. கடுமையான விதி, ஆனால் நியாயமானது. புகழ்பெற்ற குழு ஒன்று வந்து நின்றால், அன்றைய மேடை புதிதாக வரும் பதினேழு வயதுக்காரனுக்குக் கிடைக்காது.

அப்படி விலக்கப்பட்ட பிறகும், 2015 மே மாதம், தீ விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட கிரீன் டே அதே மேடையில் மீண்டும் வாசித்தது. அந்த ஊர் பங்க் இசையின் வரலாற்றைச் சொல்லும் ‘டர்ன் இட் அரவுண்ட்’ (2017) ஆவணப்படத்தின் நிர்வாகத் தயாரிப்பும் அவர்களுடையதே. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். இக்கி பாப்பின் குரலில் கதை நகர்கிறது. ‘சேவியர்ஸ்’ வாங்குகிறவர்கள் அதையும் தேடிப் பாருங்கள்.