கைமாறும் வண்டி



ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அதற்கப்பாலுள்ள கரடுமுரடான தோட்டப் பாதைகளை நாடி, நம் பங்கு இளைஞர் சிலர் பழைய 'ஹிமாலயன்' மோட்டார் சைக்கிளைத் தேடி வாங்குவதைக் காண்கிறோம். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 411 சி.சி. வண்டி அது. கல்லிலும் பள்ளத்திலும் எளிதாக ஏறி இறங்குவதற்கென முன்சக்கரத்தை 21 அங்குலமாக அமைத்துள்ளனர்.

பளபளக்கும் வண்ணத்தைக் கண்டு மயங்கலாகாது. குனிந்து, எஞ்சினுக்கடியிலுள்ள காப்புத் தகட்டைப் பாருங்கள். அது பெரிதும் நெளிந்திருப்பின், வண்டி பட்ட பாடு விளங்கும். முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, ஹேண்டில்பாரைத் திருப்புகையில் நடுவே சிக்குகிறதா, ஆரக்கம்பிகள் தளர்ந்துள்ளனவா என்றும் சோதித்தல் நலம். கையிலுள்ள பணம் முதலில் பிரேக்குக்கும் டயருக்கும் உரியது. விளக்கு அலங்காரமெல்லாம் பிறகு. (இதைச் சொன்னால் இளைஞர் நகைக்கின்றனர், நகைக்கட்டும்!)

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் உள்ளது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்கு அறிவித்தாக வேண்டும். காப்பீடின்றிப் பலர் கைமாறிய வாகனமொன்று விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஆகவே வாங்கும் வீட்டாரைவிட விற்கும் வீட்டாருக்கே அச்சம் மிகுதி. கடனில் எடுத்த வண்டியாயின், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ஐயும் கேட்டுப் பெறுங்கள். பணம் கைமாறும் அன்றே 29, 30 ஆகிய படிவங்களிலும் கையொப்பம் விழட்டும்.