கால்வாயோரம் இருவருக்கும் இடமுண்டு

"நடப்பவருக்குத் தனி, சைக்கிளுக்குத் தனி என்று பிரிக்க முடியாத இடத்தில் சைக்கிளை விடவே கூடாது." கால்வாயோரப் பாதை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் வட்டாரத்தில் கேட்கும் கருத்து இது. சொல்பவர்கள் பெரும்பாலும் மூத்தோர். மணியடிக்காமல் பின்னாலிருந்து உரசிப்போன வண்டியால் ஒருமுறையாவது பதறியவர்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. அந்தப் பயத்திலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவைத்தான் நான் மறுக்கிறேன்.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை மூன்று நீர்வழிகள் தொடுகின்றன. சாலை தொடங்கும் இடத்தில் ரோச்சோர் கால்வாய். நடுவில் வாம்போ ஆறு. சாலை, மேல் சிராங்கூன் சாலையாக மாறுவதற்கு முன் காலாங் ஆறு. இந்த வட்டாரத்தின் பழைய மலாய்ப் பெயரான கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். அந்தப் பெயர் இங்கே நிலைக்கக் காரணமே ரோச்சோர் தண்ணீரும் அதையொட்டிய சதுப்பும்தான். கால்நடைத் தொழிலோடு வளர்ந்த லிட்டில் இந்தியாவுக்கு, கால்வாயோரத்தை யார் பயன்படுத்துவது என்ற கேள்வி புதிதல்ல.

"ஒரே பாதையில் போனால் மோதல்தான்"

மோதலைத் தீர்மானிப்பவை மூன்று: பாதையின் அகலம், வண்டியின் வேகம், எதிரே வருபவர் கண்ணுக்குத் தெரியும் தூரம். பூங்கா இணைப்புப் பாதைகளில் சைக்கிளுக்கு மணிக்கு 25 கிலோமீட்டர் வரை அனுமதி உண்டு. அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏழு மீட்டர் ஓடிவிடும். சாதாரண நடைபாதையிலோ 2019 பிப்ரவரி முதல் வரம்பு 10 கிலோமீட்டர். விநாடிக்கு மூன்று மீட்டர்கூட இல்லை. முன்னால் போகும் பாட்டி சட்டென்று ஒதுங்கினாலும் பிரேக் பிடிக்க நேரமிருக்கும்.

ஆகவே கால்வாயோரத்தின் குறுகலான பகுதிகளுக்கு 25 மிக அதிகம். அங்கே 10 என்று வையுங்கள். திருப்பத்தில் புதரை வெட்டிப் பார்வையைத் திறந்துவிடுங்கள். இரவில் விளக்கு போடுங்கள். அகலம் கிடைக்கும் இடத்தில் பிரித்துவிடுங்கள். 2025 ஜூலை முதல், சைக்கிள் பாதையை ஒட்டி நடப்பவருக்கென்றே ஒதுக்கிய நடைபாதையில் சைக்கிள் ஏறக் கூடாது என்பது விதி. இடமிருந்தால் பிரிப்பது, இல்லாவிட்டால் வேகத்தைக் குறைத்துச் சேர்ந்து போவது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

"கால்வாயோரம் உலாவத்தானே? சைக்கிள் சாலையில் போகட்டும்"

யாருடைய சைக்கிள்? விலையுயர்ந்த பந்தய வண்டியும் இறுக்கமான உடையும் மனத்தில் வந்தால், அது சிராங்கூனின் சைக்கிள் அல்ல. இங்கே சைக்கிள் என்றால் கடைக்குச் சாமான் கொண்டுபோகும் வண்டி. உணவு விநியோகிப்பவரின் வண்டி. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பும் பெரியவரின் வண்டி. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைப் பார்க்க வரும் ஊழியரின் வண்டி. இவர்களைக் கால்வாயோரத்திலிருந்து விரட்டினால் காற்றில் கரைந்துவிட மாட்டார்கள். ஒன்று, பேருந்துக்கும் லாரிக்கும் இடையே சிராங்கூன் சாலையில் ஓட்டுவார்கள். இல்லையென்றால், பூக்கடையும் மளிகை மூட்டையும் ஏற்கெனவே பாதி நிறைத்திருக்கும் ஐந்தடி நடைபாதையில் ஏறுவார்கள். மூத்தோர் அஞ்சும் அந்த உரசல் அங்கேதான் அதிகம் நடக்கும்.

காலாங் ஆற்றை ஒட்டி எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2017ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் அந்த ஆற்றைப் பற்றிக் கண்காட்சி நடத்தியபோது, ஆற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் சுமார் 8 லட்சம் பேர் வசிப்பதாகச் சொன்னது. பீஷானிலிருந்து நகர்வரை தடையின்றிச் சைக்கிளில் வரும் திட்டமும் அப்போது முன்வைக்கப்பட்டது. இத்தனை பேருக்கு ஆற்றங்கரை ஒரு பயணப் பாதை. அதை மாலை நேரத்து உலாவலுக்கு மட்டும் ஒதுக்குவது வீண்.

"இடமில்லை"

இடமில்லாததால்தான் இந்த யோசனையே பிறந்தது. புதிதாகப் பெரிய பூங்காக்களுக்கு நிலம் கிடைக்காத நாட்டில், வடிகாலையும் சாலையையும் ஒட்டிச் சும்மா கிடந்த ஒதுக்கு நிலத்தைப் பூங்காக்களை இணைக்கப் பயன்படுத்தலாம் என்று 1980களின் கடைசியில் சிந்தித்தார்கள். முதல் இணைப்புப் பாதை 1992ல் அமைந்தது காலாங் ஆற்றோரத்தில்தான். இன்று அந்த வலையமைப்பு 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

கரையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கியபின், அதன் கரையில் தொடர்ச்சியாக நடக்கக்கூட வழி கிடையாது. கரைக்குப் பயன் என்று ஒன்றை நாம் கொடுக்காவிட்டால், வேறு ஏதாவது அதை எடுத்துக்கொள்ளும்.

"மழை பெய்தால் கால்வாயோரம் ஆபத்து"

நம் மழை அரை மணி நேரத்தில் கால்வாயை நிரப்பிவிடும், உண்மைதான். ஆனால் வெள்ளத்தை ஏற்றுக்கொண்டே மக்களைக் கரைக்கு அழைத்த இடம் நம் கண்முன்னே இருக்கிறது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயை 2012ல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். தண்ணீர் ஏறும்போது புல்வெளி வழிவிடுகிறது. எச்சரிக்கை ஒலியும் விளக்கும் மக்களை மேலே போகச் சொல்கின்றன. ரோச்சோர் கால்வாயிலும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பகுதி புதுப்பிக்கப்பட்டு 2015ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கரையில் நடைபாதையும் அமைந்தது. ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த நீர் அது. 1977ல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த ஆற்றுத் துப்புரவு இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாற்றத்தையே போக்கியவர்களுக்கு, மழைக்கு ஓர் எச்சரிக்கை மணி வைப்பது கடினமா?

"நம்மவர்களுக்கு ஒழுங்கு வராது"

எனக்கு மிகவும் வலிக்கும் வாதம் இது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோயில்வரை பால்குடமும் காவடியும் போகின்றன. பக்கத்துத் தடத்திலேயே வாகனங்களும் ஓடுகின்றன. குழந்தையைத் தோளில் வைத்திருப்பவரும், சக்கர நாற்காலியைத் தள்ளுபவரும், ஆடிவரும் காவடியும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நாமெல்லாம் அன்று ஒருநாள் மட்டும் நல்லவர்களாகி விடுகிறோமா? தடம் எது என்று தடுப்பு வைத்துக் காட்டியிருக்கிறார்கள். எங்கே நின்று வழிவிட வேண்டும் என்று தொண்டூழியர் சொல்கிறார்கள். ஏற்பாடு தெளிவாக இருந்தால் ஒழுங்கு தானாக வருகிறது. தெம்பனிஸில் 2007ல் சோதனை நடத்திப் பார்த்து, 2010ல் நடைபாதையில் சைக்கிளை அனுமதித்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

மூத்தோரின் புகாரில் நான் முழுதாக ஏற்கும் ஒன்று உண்டு: மின்ஸ்கூட்டர். 2019 நவம்பரில் நடைபாதையிலிருந்து அதை நீக்கியது சரியான முடிவு. மின்விசையில் கனமும் வேகமும் சேர்ந்த வண்டியையும், மிதித்து மெல்லப் போகும் சைக்கிளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முந்தையது செய்த காயத்துக்குப் பிந்தையதைத் தண்டிக்கவும் கூடாது.

அப்படியானால் கூட்டங்களில் நாம் கேட்க வேண்டியது என்ன? பாதை சாலையைச் சந்திக்கும் இடங்களைப் பற்றிக் கேளுங்கள். கால்வாயோரம் பத்து நிமிடம் நிம்மதியாக வந்தவர், சிராங்கூன் சாலையில் முட்டி நின்று, விளக்குக்காகக் காத்து, பொறுமையிழந்து குறுக்கே பாய்கிறாரே, அந்த முனைதான் ஆபத்தானது. அங்கே சரிவான மேம்பாலமோ சுரங்கப் பாதையோ வேண்டும். முடியாவிட்டால், நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் போதிய நேரம் தரும் சாலைக் கடப்பு வேண்டும். அடுத்து, குறுகிய இடத்தில் வேகம் 10. மூன்றாவது, ஓரத்தில் அடிக்கடி இருக்கைகள். நிற்க நினைப்பவர் நடுப்பாதையில் நிற்க மாட்டார்.

சைக்கிளைத் தடுக்கும் பலகையை நட ஒரு காலை போதும். அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பும் வண்டி, ஐந்தடி நடைபாதையில் மல்லிகை வாங்க நிற்கும் அதே பாட்டியின் முதுகுப்பக்கம்தான் வந்து சேரும். அவருடைய பாதுகாப்புக்காகவே சொல்கிறேன், கால்வாயோரத்தைத் திறந்து வையுங்கள்.